மீயகல்கோண வில்லைகளின் வரலாறு: நிலக்காட்சியும் கட்டட உட்புறமும்

அகல்கோண வில்லை என்பது, இயல்பான வில்லையில் அடங்காத அகன்ற பரப்பை ஒரே படத்துக்குள் கொண்டுவரும் ஒளிப்பட வில்லை ஆகும். 35 மி.மீ. படச்சுருள் கேமராவிலும், அதே 36 × 24 மி.மீ. அளவுள்ள உணரியைக் கொண்ட எண்ணிமக் கேமராவிலும் 50 மி.மீ. குவியத் தொலைவு உடைய வில்லையை இயல்பு வில்லை என்பர். மூலைக்கு மூலை அதன் பார்வைக் கோணம் ஏறத்தாழ 47 பாகை. 35 மி.மீ. வில்லைக்கு இது 63 பாகை, 24 மி.மீ. வில்லைக்கு 84 பாகை. பொதுவாக 24 மி.மீ.க்குக் கீழே உள்ளவற்றை மீயகல்கோண வில்லைகள் என்று அழைப்பது வழக்கம். இவற்றில் மீன்கண் வில்லை தனி இனம். அது நேர்கோட்டை வில்லாக வளைத்துவிடும். தூணைத் தூணாகவும் விட்டத்தை விட்டமாகவும் காட்டும் நேர்கோட்டு வில்லைகளின் வரலாற்றையும், அந்த வரலாற்றிலிருந்து இன்று ஒரு வில்லையைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கிடைக்கும் செய்திகளையும் இக்கட்டுரை கூறுகிறது.

மலையைப் படமெடுப்பவர் படத்தில் அடங்கவில்லை என்றால் பத்தடி பின்னால் போகலாம். அறைக்குள் நிற்பவருக்கு முதுகில் சுவர் இருக்கிறது. ஆகவே இந்த வில்லைகளின் வளர்ச்சிக்கு மலைகளைவிடச் சுவர்களே பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

1858: இரண்டு கட்டடங்கள்

ஒளிப்படக்கலை 1839-இல் பாரிசில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு உருவாக்கிய வில்லை வந்தது. அது எஃப்/3.6 அளவுக்கு ஒளியை வாங்கியதால், மனிதர் அசையாமல் உட்கார வேண்டிய நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது முகம் எடுக்கப் பிறந்த வில்லை. நடுவில் கூர்மையும் ஓரத்தில் கலங்கலும் அதன் இயல்பு. நிலக்காட்சிக்கு, வொல்லாஸ்டன் 1812-இல் இருட்டறைக் கருவிக்கென அமைத்த பிறைவடிவ வில்லையின் வழிவந்தவை பயன்பட்டன. அவையும் அகலத்தில் கஞ்சத்தனமானவையே. இந்தக் குறையைச் சமாளிக்க, பாரிசில் வாழ்ந்த ஃபிரெடரிக் ஃபான் மார்ட்டன்ஸ் 1840-களின் நடுவில் வில்லையையே பக்கவாட்டில் சுழலவிட்டு, வளைந்த தகட்டில் 150 பாகைப் படம் எடுத்தார். ஆற்றங்கரைக்கும் நகரக் காட்சிக்கும் இது பொருந்தியது. கட்டடத்துக்குப் பொருந்தவில்லை. சுழலும் வில்லையில் தாழ்வாரத்தின் நேர்கோடு வளைந்துவிடும்.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, 1858-இல் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கட்டடங்களைப் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் எடுத்த முறை கவனிக்கத்தக்கது. விலகி நின்றால் எழுத்து சிறுத்துப் படிக்க இயலாமல் போகும். அருகே சென்றால் வில்லைக்குள் அடங்காது. ஆகவே அவர் சுவரோரமாக நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக ஆக்கினார். இன்றைய மிக அகன்ற வில்லை அவரிடம் இருந்திருந்தாலும் இந்த வேலைக்கு உதவியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஓரத்து எழுத்துகளை அது இழுத்து நீட்டியிருக்கும். அகலக் கோணம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல.

அதே 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற 24 வயது இளைஞர் அங்குள்ள பேராலயத்தை அளந்து வரைபடம் எழுதும் பணியில் இருந்தார். உயரத்தில் அளக்கும்போது கால் தவறி விழப்போய் மயிரிழையில் தப்பினார். உயிரைப் பணயம் வைத்து நேரில் அளப்பதற்குப் பதிலாகப் படத்தை எடுத்து, படத்தில் அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. எளிய எண்ணம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: வில்லை அகலமாகப் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கோணல் இல்லாமல் தர வேண்டும். அப்படி ஒரு வில்லை அன்று இல்லை.

நீர் நிரப்பிய உருண்டை

வில்லை செய்வோர் இந்த நிபந்தனையை நோக்கி வர ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. 1859-இல் ஆங்கிலேயர் தாமஸ் சட்டன், இரு தடித்த கண்ணாடி ஓடுகளுக்கு இடையே நீரை நிரப்பி உருண்டை போன்ற ஒரு வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். 120 பாகை அகலத்தை அது தந்தது. ஆனால் உருவம் வளைந்த பரப்பில்தான் கூர்மையாக விழுந்தது. ஆகவே கண்ணாடித் தகட்டையும் வளைத்து, அந்த வளைந்த தகட்டின்மேல் ஈர மருந்தைப் பூசி, காய்வதற்குள் எடுத்து முடிக்க வேண்டும். எத்தனை பேர் பொறுமையாகச் செய்திருப்பார்கள்? இதே சட்டன்தான் 1861-இல் பார்ப்பானுக்கும் வில்லைக்கும் இடையே கண்ணாடியை வைத்துக் காட்சியைத் திருப்பும் கேமராவுக்கும் காப்புரிமை வாங்கினார். அந்தக் கண்ணாடி நூறாண்டுகள் கழித்து அகல்கோண வில்லைக்கே இடைஞ்சலாக வந்து நின்றது. அதைப் பின்னர் பார்ப்போம்.

1862-இல் நியூயார்க்கின் ஹாரிசன், ஷ்னிட்சர் இருவரும் குளோப் வில்லையை வெளியிட்டனர். முன்னும் பின்னும் ஒரே மாதிரியான இரு பகுதிகள். வெளிப்பரப்புகளை நீட்டி வரைந்தால் ஒரு கோளம் முழுமையாகும். பெயர்க்காரணம் அதுவே. தட்டையான தகட்டில் ஏறத்தாழ 80 பாகை கிடைத்தது. குறை ஒன்று உண்டு. படத்தின் நடுவில் வெண்புள்ளி போல ஒளிக்கறை விழும். 1865-இல் ஜெர்மனியின் ராத்தனோவில் எமில் புஷ் நிறுவனம் ஏறத்தாழ 90 பாகை தந்த பான்டோஸ்கோப்பைக் கொண்டுவந்தது. 1866-இல் லண்டனில் டால்மயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வகை வில்லையைச் செய்தனர்.

இவை அனைத்துக்கும் அடிப்படை சமச்சீர். நடுவில் ஒளிபுகு துளை, அதன் இருபுறமும் ஆடியில் பார்த்தாற்போல ஒரே அமைப்பு. முன்பகுதி கோட்டை வெளிப்பக்கம் வளைத்தால் பின்பகுதி உட்பக்கம் வளைத்துக் கணக்கைச் சரிசெய்துவிடும். கூட்டல் எண்ணோடு அதே கழித்தல் எண்ணைச் சேர்த்தால் சுழியம். கட்டடப் படத்தின் நேர்கோடு இந்தச் சிறு கணக்கில் பிறந்தது.

மைடன்பாவர் தம் முதல் அளவைக் கேமராவுக்கு பான்டோஸ்கோப்பை எடுத்துக்கொண்டார். 1885-இல் பெர்லினில் பிரஷ்ய அரசின் அளவைப்பட நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கியது. பேராலயங்கள், அரண்மனைகள், நகர மண்டபங்கள் என்று உள்ளும் புறமும் எடுத்த கண்ணாடித் தகடுகள் ஏறத்தாழ 20,000 சேர்ந்தன. அவர் அவற்றை அழகுக்காக எடுக்கவில்லை. கட்டடம் எரிந்தோ இடிந்தோ போனால் படத்தை வைத்து மீண்டும் எழுப்ப வேண்டும் என்பதே அவர் நோக்கம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிதைந்த கட்டடங்கள் சிலவற்றைப் புதுப்பிக்க அந்தத் தகடுகள் உண்மையிலேயே உதவின. அகல்கோண வில்லையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஓரம் ஏன் இருள்கிறது

1900-ஆம் ஆண்டு பெர்லினின் கெர்ட்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோக் வடிவமைத்த ஹைபர்கான், அகலத்தில் ஒரே தாவலாகத் தாவியது. மெல்லிய அரைக்கோள ஓடுகள் இரண்டு மட்டுமே. பார்த்தால் கோலிக்குண்டு போலச் சிறிதாக இருக்கும். ஏறத்தாழ 135 பாகை, நேர்கோடு நேர்கோடாகவே. விலை என்னவென்றால் ஒளி. எஃப்/22 அளவில்தான் அது வேலை செய்தது. அதைவிடப் பெரிய சிக்கல், படத்தின் நடு வெளுத்து ஓரம் கருத்துப் போவது.

இதன் காரணத்தைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் கொண்டே அறியலாம். ஓரத்தில் விழும் ஒளியின் அளவு, நடுவிலிருந்து விலகும் கோணத்தின் கொசைனை நான்கு முறை பெருக்கிய அளவுக்குக் குறைகிறது. மூலைக்கு மூலை 90 பாகை வில்லையில் மூலை 45 பாகை விலகி இருக்கிறது. அங்கே ஒளி நான்கில் ஒரு பங்கு. 120 பாகை வில்லையில் 60 பாகை விலகல். கொசைன் அரை. அரையை நான்கு முறை பெருக்கினால் பதினாறில் ஒன்று. ஹைபர்கானின் 135 பாகையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே மூலைக்கு வந்து சேரும்.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு விளையாட்டுப் பொருள் போல இருக்கும். வில்லைக்கு முன்னால் பல்லுள்ள நட்சத்திரச் சக்கரம் ஒன்று. ரப்பர் குமிழை அழுத்தினால் காற்று பட்டு அது காற்றாடி போலச் சுழலும். சுழலும்போது நடுவுக்கு வரும் ஒளியை அதிகமாகவும் ஓரத்துக்கு வருவதைக் குறைவாகவும் மறைக்கும். படமெடுக்கும் நேரத்தின் பெரும்பகுதி சக்கரம் சுழல வேண்டும், இறுதியில் அதை விலக்கிச் சற்று நேரம் திறந்து வைக்க வேண்டும். அசையும் எதையும் இதில் எடுக்க முடியாது. கல்லும் மரமும் ஆன உட்புறங்கள் அசைவதில்லை என்பதால் கட்டடப் படக்காரர்கள் இதை விரும்பி வாங்கினர். பிற்காலத்தில் சக்கரத்தின் இடத்தை, நடுவில் கருமையும் ஓரத்தில் தெளிவுமான சாம்பல் நிற வடிப்பான் பிடித்தது.

ஒளிக்குறைவை வில்லைக்குள்ளேயே தணித்தவர்கள் வானூர்தியிலிருந்து நிலத்தை அளக்க முயன்றவர்கள். 1933-இல் சைஸ் நிறுவனத்தின் ராபர்ட் ரிக்டர் 100 பாகை டோப்போகானை வடிவமைத்தார். 1940-களில் லெனின்கிராடின் மிகயில் ருசினோவ், முன்னும் பின்னும் பெரிய குழிவில்லைகளை வைத்தால் சாய்ந்து நுழையும் ஒளிக்கற்றைக்குத் துளை பெரிதாகத் தெரியும் என்று காட்டினார். நான்கு முறைப் பெருக்கல் ஏறத்தாழ மூன்று முறையாகத் தணிந்தது. அதாவது 120 பாகையில் பதினாறில் ஒரு பங்கு என்பது எட்டில் ஒரு பங்கானது. லுட்விக் பெர்ட்டெலே இதே வழியில் வானளவைக்கான வில்லைகளைச் செய்து, 1954-இல் சாதாரண ஒளிப்படக்காரருக்கும் பயோகானைக் கொடுத்தார். கான்டாக்ஸ் கேமராவுக்கு 21 மி.மீ., ஹாசல்பிளாடுக்கு 38 மி.மீ. இரண்டும் 90 பாகை.

1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் சந்திரத் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாடிலும் 60 மி.மீ. பயோகான் இருந்தது. அந்தப் படங்களில் வரிசையாகத் தெரியும் சிறு சிலுவைக் குறிகளை மாணவர்கள் பலரும் என்னிடம் கேட்டதுண்டு. படத்தை அளப்பதற்காகப் படச்சுருளுக்கு முன் வைத்த கண்ணாடித் தகட்டின் குறிகள் அவை. மைடன்பாவரின் எண்ணம் சந்திரன் வரை போயிற்று.

குறுக்கே நின்ற கண்ணாடி

பயோகானின் பின்புறம் படச்சுருளை ஏறத்தாழ உரசுமளவுக்கு உள்ளே போகும். அதனால் சட்டனின் கண்ணாடியுள்ள கேமராவில் அதைப் பொருத்த முடியாது. கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமே. நிக்கான் 1959-இல் வெளியிட்ட எஃப் கேமராவில் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. இடைவெளி. குவியத் தொலைவு 21 மி.மீ. உள்ள சமச்சீர் வில்லை அங்கே எப்படி நிற்கும்? நிக்கானே அந்த நாளில் விற்ற 21 மி.மீ. எஃப்/4 வில்லையைப் பொருத்த, முதலில் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்ட வேண்டும். பிறகு பார்ப்பான் குருடாகிவிடும். தனியாக ஒரு பார்ப்பானைத் தலையில் செருகிக்கொள்ள வேண்டும்.

வழி முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, திரைப்படத்துக்காக. டெக்னிகலர் கேமராவில் வில்லைக்குப் பின்னால் ஒளியைப் பிரிக்கும் பட்டகம் இருந்தது. அதற்கு இடம்விட, 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எச். டபிள்யூ. லீ தொலைநோக்கு வில்லையைத் தலைகீழாகத் திருப்பினார். முன்னால் பெரிய குழிவில்லை, பின்னால் குவிவில்லைக் கூட்டம். இப்படி அமைத்தால் குவியத் தொலைவு குறுகியதாக இருந்தாலும் உருவம் வெகு தூரம் பின்னால் விழும். 1950-இல் பிரான்சின் பியேர் ஆஞ்செனியோ இதே முறையில் 35 மி.மீ. எஃப்/2.5 வில்லையை ஒளிப்படக் கேமராவுக்குச் செய்து ரெட்ரோஃபோகஸ் என்று பெயரிட்டார். அது ஒரு பொருளின் பெயராகத் தொடங்கி ஒரு வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஆனால் சமச்சீர் போனதும் அதன் இலவசக் கொடையும் போனது. கோடு வளைவதைத் தடுக்க ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கூடுதல் கண்ணாடித் துண்டு வேண்டியதாயிற்று. சைஸின் எர்ஹார்ட் கிளாட்செல் வடிவமைத்த 15 மி.மீ. ஹோலோகானையும் நிக்கானின் 13 மி.மீ. நிக்கோரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். முன்னதில் மூன்று கண்ணாடித் துண்டுகள், 110 பாகை. 1969-இல் அதற்கென்றே கண்ணாடி இல்லாத கேமரா ஒன்றைச் செய்தார்கள். துளை எஃப்/8 ஒன்றே, மாற்ற முடியாது. 1976-இல் விற்பனைக்கு வந்த பின்னதில் பதினாறு துண்டுகள், 118 பாகை, எடை 1.2 கிலோவுக்கு மேல். சோற்றுத்தட்டளவு முன்கண்ணாடி. எட்டு பாகைக்கும், பார்ப்பானின் வழியே நேராகப் பார்க்கும் வசதிக்கும் கொடுத்த விலை அது.

கணினிக் கணக்கீடும், கோளம் அல்லாத பரப்புகளைத் தேய்க்கும் திறனும் வளர்ந்தபின் குவியத் தொலைவை மாற்றக்கூடிய மீயகல்கோண வில்லைகளும் வந்தன. சிக்மாவின் 12–24 மி.மீ., 2007-இல் நிக்கானின் 14–24 மி.மீ. எஃப்/2.8, 2015-இல் கேனனின் 11–24 மி.மீ. எஃப்/4 ஆகியவை இவற்றில் முக்கியமானவை. பின்னர் கண்ணாடியே இல்லாத எண்ணிமக் கேமராக்கள் பரவின. சோனியின் ஈ வகையில் இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ. தான். வில்லை மீண்டும் அருகே வரலாம் என்றாயிற்று. 2020-இல் லவோவா நிறுவனம் வெளியிட்ட 9 மி.மீ. எஃப்/5.6 வில்லை 135 பாகை தருகிறது. ஹைபர்கான் எட்டிய கோணத்துக்கு 120 ஆண்டுகள் கழித்து, சுழலும் நட்சத்திரம் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இருந்தும் பழைய சமச்சீர் வில்லைகளை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. படச்சுருள் எந்தச் சாய்விலிருந்து வரும் ஒளியையும் ஏற்றுக்கொண்டது. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கிணறு போன்றது. மிகச் சாய்ந்து வரும் கதிர் அதன் அடியைத் தொடாது. அதனால் ஓரங்களில் நிறம் மாறும், கூர்மை குலையும். பழைய 21 மி.மீ. வில்லையைச் சந்தையில் மலிவாகப் பார்த்து வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

நிமிர்ந்த சுவர்

கோபுரத்தை அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோலத் தெரிவது எல்லாரும் கண்டதே. வில்லையின் குற்றமல்ல அது. கேமராவைச் சாய்த்ததன் விளைவு. கேமராவை மட்டமாக வைத்தால் சுவர் நிமிர்ந்து நிற்கும், ஆனால் உச்சி வெட்டுப்படும். பழைய பெரிய மரக் கேமராக்களில் வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்தும் வசதி இருந்தது. சிறிய கேமரா வந்ததும் அது தொலைந்துபோய், 1962-இல் நிக்கானின் 35 மி.மீ. நகர்வு வில்லையோடு திரும்பியது. 2009-இல் கேனன் வெளியிட்ட 17 மி.மீ. எஃப்/4 நகர்வு வில்லை இருபுறமும் 12 மி.மீ. வரை நகரும். கட்டட உட்புறம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது போன்ற வில்லை தச்சனுக்கு இழைப்புளி போல. மற்றவர்களுக்கு அதன் விலை கட்டாது. அதற்குப் பதிலாக இன்னும் அகன்ற வில்லையை மட்டமாகப் பிடித்து, கீழே வரும் வெற்றுத் தரையைப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். புள்ளிகள் வீணாகும், சுவர் நிமிர்ந்திருக்கும்.

தேர்ந்தெடுத்தல்

கட்டட உட்புறத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை வடிவொத்த முக்கோணங்கள் சொல்லிவிடும். படத்தில் அடங்கும் அகலம் = சுவருக்கு உள்ள தூரம் × 36 ÷ குவியத் தொலைவு. பத்தடி தூரத்தில் நிற்கிறோம் என்றால் 35 மி.மீ. வில்லையில் பத்தடி அகலம் அடங்கும், 24 மி.மீ.யில் பதினைந்தடி, 18 மி.மீ.யில் இருபதடி. உணரி சிறியதாக இருந்தால் 36-க்குப் பதில் ஏறத்தாழ 24 என்று போட வேண்டும். அதாவது சிறிய உணரியில் 18 மி.மீ.யின் வேலையை 12 மி.மீ. செய்கிறது. கேமராவோடு சேர்த்துத் தரும் 18–55 வில்லையை வைத்துக்கொண்டு உட்புறத்தில் ஏமாறுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். நான் பணியாற்றிய பள்ளியின் பழைய ஓட்டுக் கூடத்தை இடிக்கும் முன் படமெடுத்து வைக்கலாம் என்று போனேன். நாற்பதடி நீளம், பதினெட்டடி அகலம். எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் என் வில்லையில் அடங்கியது இருபத்து நான்கு அடிக்கும் குறைவு. இடமிருந்து வலமாக நகர்ந்து மூன்று துண்டுகளாக எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் நடுவில் நின்ற தேக்குத்தூண் இரண்டு தூணாகத் தெரிகிறது. நின்ற இடத்தை மாற்றினால் அருகே உள்ள பொருள் இடம் மாறித் தெரியும் என்று எத்தனையோ ஆண்டு பாடம் நடத்தியவன்தான். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பி எடுத்திருக்க வேண்டும். மறுபடி போய் எடுக்கக் கூடம் இல்லை.

உட்புறத்துக்கான வில்லையில் முதலில் பார்க்க வேண்டியது கோட்டின் நேர்மை. சில வில்லைகள் சுவரோரத்தை மீசை போல நடுவில் ஒருபுறமும் நுனியில் மறுபுறமும் வளைக்கும். பீப்பாய் போன்ற எளிய வளைவைக் கணினியில் நிமிர்த்துவது சுலபம், இது அப்படியல்ல. புதிய வில்லைகள் பலவற்றின் வளைவைக் கேமராவே நிமிர்த்தி விடுகிறது என்பதால், மதிப்புரைகளில் நிமிர்த்தாத படத்தையும் பார்ப்பது நல்லது. எஃப்/2.8 தேவையில்லை. முக்காலி இருந்தால் எஃப்/8-இல் சில நொடிகள் திறந்து வைக்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்பதானால் 16 மி.மீ. வில்லையில் பதினைந்தில் ஒரு நொடி வரை நடுக்கம் தெரியாமல் எடுக்கலாம் என்பது பழைய வாய்பாடு.

எவ்வளவு அகலம் கிடைக்கிறதோ அவ்வளவும் வாங்கிவிட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 120 பாகை நேர்கோட்டு வில்லையின் மூலையில் ஒரு பந்தை வைத்தால் அது ஒருபுறம் இரு மடங்கு நீண்ட முட்டையாகப் பதியும். இதுவும் அந்த அறுபது பாகையின் கொசைன் செய்யும் வேலையே. மூலையில் மனிதர் நின்றால் தலை பூசணிக்காய் ஆகும். வாடகை விளம்பரங்களில் எட்டுக்குப் பத்து அறை கல்யாண மண்டபமாகத் தெரிவதும் இதனால்தான். 16 முதல் 18 மி.மீ. வரை போதும். அதற்கும் அடங்காத அறையை நின்ற இடத்திலிருந்தே இரண்டு படமாக எடுக்கலாம்.

நிலக்காட்சிக்குக் கணக்கு வேறு. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள குன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. வில்லையில் அது படத்தில் 10 மி.மீ. அகலம் பிடிக்கும். 16 மி.மீ. வில்லையில் 3.2 மி.மீ. மட்டுமே. மொத்த அகலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு. கொடைக்கானலுக்குப் போய் மலையெல்லாம் கரையான் புற்றாக வந்துவிட்டதே என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான். மீயகல்கோண வில்லை தூரத்தை எடுப்பதற்கான கருவி அன்று. காலடியில் கிடக்கும் பாறையையும் தூரத்து அடிவானத்தையும் ஒரே படத்தில் சேர்ப்பதற்கான கருவி. எஃப்/8-இல் 16 மி.மீ. வில்லையை ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் குவித்தால் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும்.

வெளியில் எடுப்பவர் முன்கண்ணாடியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். நிக்கானின் பழைய 14–24 போல முன்கண்ணாடி புடைத்திருந்தால் வழக்கமான திருகு வடிப்பான் பொருந்தாது, மழைத்துளியையும் மணலையும் தடுக்க முன்னால் ஒன்றும் இருக்காது. வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் முனைவாக்க வடிப்பான் இந்த அகலத்தில் வானத்தின் ஒரு பட்டையை மட்டும் கருக்கிவிடும் என்பதால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. எஃப்/2.8-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது இரவு வானத்தில் விண்மீன்களை எடுப்பவருக்குத் தகும். அவரும் வாங்குமுன், மூலையில் உள்ள விண்மீன்கள் புள்ளியாக வருகின்றனவா, சிறகு முளைத்த பறவையாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பகலில் எஃப்/11-இல் எடுப்பவருக்கு எஃப்/4 வில்லையே போதும், தோளும் வலிக்காது.

கைபேசியிலும் இப்போது மீயகல்கோணம் உண்டு. 2019-இல் வந்த ஐஃபோன் 11-இல் 120 பாகை வில்லை இருந்தது. நல்ல வெளிச்சத்தில் அது போதுமானதே. மங்கிய மண்டபத்தில் ஓரங்கள் சேறாகிவிடும். ஆனாலும் நாளை இடிக்கப்போகும் கட்டடத்துக்கு இன்று கையில் உள்ள கைபேசி, அடுத்த மாதம் வாங்கப்போகும் வில்லையைவிட மேல்.

இத்தகைய கலைக்களஞ்சியங்களுக்குப் பழைய கட்டடங்களின் படங்களைப் பதிவேற்றுவோர் படக்குறிப்பில் மூன்று செய்திகளைச் சேர்க்கலாம்: வில்லையின் குவியத் தொலைவு, உணரியின் அளவு, சுவரிலிருந்து நின்ற தூரம். படத்தை வெட்டியிருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். இவை இருந்தால் மேலே சொன்ன வாய்பாட்டைத் திருப்பிப் போட்டு, தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி எத்தனை அடி என்று பிறகு வருபவர் கணக்கிட முடியும். தூரத்தை அளக்க நாடா இல்லாவிட்டால் ஒரு மீட்டர் மரக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்தே எடுக்கலாம். கோல் படத்தின் நடுப்பகுதியில் இருக்கட்டும், மூலையில் வேண்டாம்.